கில்மனுக்கு 25 சென்ட், பியோரியாவுக்கு 15 சென்ட்: 1886 வாபாஷ் ரயில்வே தீர்ப்பு நியாயமா?

கரிசல்காடு

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா, கில்மன் என்று இரண்டு ஊர்கள். இரண்டிலிருந்தும் நியூயார்க்குக்கு வாபாஷ் ரயில்வே கம்பெனி சரக்கு ஏற்றியது. பியோரியாவைவிட கில்மன்தான் நியூயார்க்குக்கு 86 மைல் கிட்டே. தூரம் குறைந்தால் வாடகையும் குறையும் என்றுதானே நினைப்போம்? பியோரியா வியாபாரியிடம் 100 பவுண்டுக்கு 15 சென்ட் வாங்கினார்கள், கில்மன்காரரிடம் 25 சென்ட். ஆளுக்கு 26,000 பவுண்டு, ஒரே வகுப்புச் சரக்கு. பியோரியா பில் 39 டாலர், கில்மன் பில் 65 டாலர்.

இதைத் தடுக்கத்தான் இல்லினாய் சட்டசபை ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தது. ஒரே திசையில் குறைந்த தூரம் போகும் சரக்குக்கு நீண்ட தூரச் சரக்கைவிட அதிகம் வாங்கக் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். மாநிலம் வழக்குப் போட்டு மாநில சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. கம்பெனி வாஷிங்டனுக்கு அப்பீல் போனது. 1886 அக்டோபர் 25 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூன்று என்று கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. சரக்கு மாநில எல்லை தாண்டிப் போகிறது. மாநிலங்களுக்கு இடையிலான வாணிகம் காங்கிரசின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், அதிகாரம். அதனால் இல்லினாய் சட்டம் இந்தப் பயணத்துக்குச் செல்லாது. அந்தப் பயணத்தில் இல்லினாய்க்குள் ஓடும் பகுதிக்கும் செல்லாது.

என் ஆதங்கம் இதுதான். அன்றைக்குக் காங்கிரஸ் போட்ட சரக்குக் கட்டணச் சட்டம் ஒன்றுமே கிடையாது. மாநிலம் கேட்கக் கூடாது, மத்தியில் கேட்க ஆளில்லை. அப்புறம் கில்மன்காரர் யாரிடம் போவார்?

எங்கள் வீட்டில் தானிய மண்டி வைத்திருந்தார்கள். வாடகை ஏறினால் அதை வாங்குகிறவர் தலையில் கட்ட முடியாது. நியூயார்க் விலையை நியூயார்க் சந்தை முடிவு செய்யும். அதில் வாடகை போக மிச்சம்தான் களத்துக்கு வரும். மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு. 100 பவுண்டுக்கு 10 சென்ட் கூடுதல் என்றால் புஷலுக்கு 5.6 சென்ட் விவசாயி கையைவிட்டுப் போகிறது, அவர் எந்தத் தப்பும் செய்யாமல்.

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்தா

நல்ல வழக்கை எடுத்தீர்கள், ஆனால் கோர்ட்டின் மேல் கொஞ்சம் கடுமையாக இருக்கிறீர்கள்.

தீர்ப்பை எழுதிய சாமுவேல் மில்லர் ரயில்வேக்காரர்களின் ஆள் இல்லை. 1877-ல் வந்த மன் எதிர் இல்லினாய் வழக்கில், சிகாகோ தானியக் கிடங்குகளின் கட்டணத்துக்கு மாநிலம் உச்ச வரம்பு வைக்கலாம் என்று சொன்ன பெரும்பான்மையில் அவரும் இருந்தார். பொதுநலன் தொட்ட தொழிலை அரசு கட்டுப்படுத்தலாம் என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை. எந்த அரசு என்பதுதான் வாபாஷில் கேள்வி.

கில்மனிலிருந்து நியூயார்க் போகும் வேகன் எத்தனை மாநிலங்களைத் தாண்டுகிறது என்று பாருங்கள். இல்லினாய் ஒரு விதி, இந்தியானா ஒரு விதி, ஒஹாயோ வேறொன்று, பென்சில்வேனியா வேறொன்று என்று ஆளாளுக்குக் கட்டணம் வைத்தால் நியூயார்க் வரைக்கும் ஒரே கட்டணம் சொல்லவே முடியாது. ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்களுக்குச் சாதகமாகத்தான் விதி போடும். மாநிலங்கள் ஒன்றின்மேல் ஒன்று சுங்கம் போட்டுச் சண்டை பிடித்த அனுபவத்துக்குப் பிறகுதான் அரசியல் சாசனத்தில் வாணிக அதிகாரத்தைக் காங்கிரசிடம் கொடுத்தார்கள். மில்லர் அதைத்தான் நினைவூட்டினார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1877-லேயே, மன் வழக்கோடு சேர்ந்து வந்த பீக் வழக்கில், மத்தியில் சட்டம் வரும்வரை விஸ்கான்சின் தன் கட்டணத்தை எல்லை தாண்டும் சரக்குக்கும் வைக்கலாம் என்று இதே கோர்ட் சொல்லியிருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த நிலை மாறிவிட்டது. அன்று மன் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட், வாபாஷில் மாறுபட்ட மூவரில் ஒருவர். பிராட்லி எழுதினார், வெய்ட்டும் கிரேயும் கையெழுத்துப் போட்டார்கள். காங்கிரஸ் ஒன்றும் செய்யாதபோது மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வியும். அதனால் உங்கள் ஆதங்கத்துக்கு அந்த பெஞ்சிலேயே ஆதரவு இருந்தது.

கூட்ஸ்_கார்டு

கோர்ட் விஷயம் வாய்தா சார் பார்த்துக்கொள்ளட்டும். 15-க்கும் 25-க்கும் காரணம் என்ன என்பதை ரயில்வே பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பியோரியா இல்லினாய் ஆற்றங்கரையில் இருக்கிறது. பல ரயில் கம்பெனிகள் கூடும் ஜங்ஷனும் அதுதான். 16 சென்ட் கேட்டால் வியாபாரி பக்கத்து லைனுக்குப் போய்விடுவார், இல்லாவிட்டால் படகில் ஏற்றிவிடுவார். கில்மன் சின்ன ஊர், அங்கே அந்த வசதி இல்லை.

ரயில்வேயில் செலவில் பெரும்பங்கு தண்டவாளம், பாலம், ஸ்டேஷன், கடன் வட்டி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தச் செலவு நிற்காது. அதனால் போட்டி உள்ள இடத்தில் டீசலுக்கும் (அப்போது நிலக்கரிக்கும்) ஆள் சம்பளத்துக்கும் மேல் கொஞ்சம் கிடைத்தாலே போதும் என்று கட்டணத்தைக் குறைப்பார்கள். கடன் வட்டியைப் போட்டியில்லாத ஊரில் வசூலிப்பார்கள். வாபாஷ் அப்போது ஜே கூல்ட் கையில் இருந்த கம்பெனி. கண்டபடி லைன்களைச் சேர்த்துக் கடனில் மூழ்கி 1884-ல் ரிசீவரிடம் (கடனாளி கம்பெனியை நடத்தக் கோர்ட் நியமிக்கும் ஆள்) போனது. அந்தக் கடன் சுமையில் ஒரு பங்கு கில்மன் பில்லில் ஏறியிருந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இதை வெறும் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன், தொழிலின் கணக்கே அப்படித்தான் தள்ளும். அதனாலேயே வெளியிலிருந்து ஒரு கை கட்டாயம் வேண்டும். கம்பெனி தானாகத் திருந்தாது, திருந்தினால் பியோரியா சரக்கு போய்விடும்.

கேள்விக்குறி

சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். இல்லினாயில் இந்தச் சட்டம் எப்படி வந்தது? ரயில்வே கம்பெனிகள் பணபலத்தோடு இருந்த காலத்தில் விவசாயிகள் எப்படிச் சட்டசபையைப் பிடித்தார்கள்?

வாய்தா

நல்ல கேள்வி தங்கச்சி. 1867-ல் கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் தொடங்கியது. 1870-களின் தொடக்கத்தில் மத்திய மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 1870-ல் இல்லினாய் புதிய மாநில அரசியல் சாசனம் எழுதியபோதே, ரயில் பாதை பொதுவழி, கட்டணத்தில் பாரபட்சம் தடுக்கச் சட்டம் போடுவது சட்டசபையின் கடமை என்று சேர்த்துவிட்டார்கள். 1871-ல் சட்டம் வந்தது. 1873-ல் மாநில சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி சார்லஸ் லாரன்ஸ்.

இல்லினாயில் நீதிபதிகள் தேர்தலில் வருகிறவர்கள். அந்த வருஷமே லாரன்ஸ் ஓட்டுக் கேட்டு வந்தார். விவசாயிகள் தோற்கடித்தார்கள். அவர் யோக்கியர், திறமைசாலி என்று எதிரிகளும் சொன்னார்கள், ஆனாலும் தோற்றார். சட்டசபை உடனே குறையைச் சரிசெய்து 1873-லேயே புதுச்சட்டம் போட்டது. அந்தச் சட்டம்தான் வாபாஷ் வரைக்கும் வந்தது.

ஒரு வக்கீலாக லாரன்ஸ் கதை எனக்குப் பயத்தைத் தருகிறது. ஒரு தீர்ப்புக்காக நீதிபதியை ஓட்டுப் போட்டு இறக்குவது நல்ல பழக்கம் இல்லை.

கரிசல்காடு

பயம் புரிகிறது சார். ஆனால் அந்த விவசாயிகளிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த ஓட்டுதான். மன் தீர்ப்பில் வெய்ட்டே சொன்னாரே, சட்டசபை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் மக்கள் ஓட்டுச்சாவடிக்குப் போக வேண்டும், கோர்ட்டுக்கு இல்லை என்று.

அது எத்தனை நாள் நின்றது? 1890-ல் மினசோட்டா பால் வழக்கு வந்தது. ஓவடோனா, ஃபாரிபோ ஊர்களிலிருந்து மினியாபொலிசுக்கும் செயின்ட் பாலுக்கும் பால் கேன்களில் ரயிலில் போகும். கம்பெனி காலனுக்கு 3 சென்ட் வாங்கியது. மாநிலக் கமிஷன் விசாரித்து இரண்டரை சென்ட் என்றது. காலனுக்கு அரை சென்ட்தான் தகராறு! சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? கட்டணம் நியாயமா என்பதைக் கடைசியாகப் பார்ப்பது கோர்ட்டின் வேலை, கமிஷன் வைத்ததே முடிவு என்பது சரியான நீதிமுறை ஆகாது. இது மன் தீர்ப்பையே கவிழ்த்துவிடுகிறது என்று பிராட்லி மறுபடியும் மாறுபட்டு எழுதினார்.

இந்தப் பால் மாநிலத்துக்குள்ளேயே ஏறி மாநிலத்துக்குள்ளேயே இறங்கியது. எல்லை தாண்டவில்லை. ஆக, எல்லை தாண்டினால் காங்கிரஸ் விஷயம், தாண்டாவிட்டால் கோர்ட் விஷயம். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபைக்கு மிச்சம் என்ன?

சிகாகோ_மைனா

நான் இல்லினாயில்தான் இருக்கிறேன். சிகாகோவிலிருந்து தெற்கே ரயிலில் போகும்போது கில்மனில் வண்டி நிற்கும். சுற்றிலும் தட்டை நிலம், மக்காச்சோளமும் சோயாவும், தண்டவாளத்தை ஒட்டித் தானியக் கிடங்கு. வடக்குத் தெற்காக ஒரு லைனும், பியோரியாவிலிருந்து கிழக்கே வரும் லைனும் அந்த ஊரில் குறுக்கிட்டுக்கொள்கின்றன. வழக்கில் வந்த சரக்கு அந்தக் கிழக்கு லைனில்தான் போனது. பியோரியா வேகன் கில்மன் வழியாகத்தான் போயிருக்கிறது! தன் ஊரைத் தாண்டிப் போகும் வண்டியில் முன்னாடியே ஏறிய சரக்குக்கு 15, தன் வாசலில் ஏறியதற்கு 25 என்றால் அந்த ஊர்க்காரருக்கு எப்படி இருந்திருக்கும்?

வாபாஷ் தீர்ப்பால் நன்மையும் வந்தது என்று பள்ளிப் பாடத்திலேயே சொல்வார்கள். தீர்ப்பு வந்து நாலு மாசத்துக்குள், 1887 பிப்ரவரி 4-ல் அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட் மாநிலங்களிடை வாணிகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் முதல் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அப்படித்தான் பிறந்தது. ஐந்து கமிஷனர்கள், முதல் தலைவர் தாமஸ் கூலி. செனட்டில் அதற்காக உழைத்தவர் ஷெல்பி கல்லம், அதற்கு முன் இல்லினாய் கவர்னராக இருந்தவர்.

குறைந்த தூரத்துக்கு அதிகம் வாங்கக் கூடாது என்ற விதி அதில் இருந்தது. ஆனால் "ஏறக்குறைய ஒரே மாதிரியான சூழ்நிலையில்" என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிட்டார்கள். அலபாமாவில் டிராய் என்ற சின்ன ஊருக்கு, அதைத் தாண்டியுள்ள மாண்ட்காமரியைவிட அதிகம் வாங்கினார்கள். கில்மன் கதைதான், ஊர் பெயர் மட்டும் வேறு. 1897-ல் சுப்ரீம் கோர்ட், மாண்ட்காமரியில் போட்டி இருக்கிறது, டிராயில் இல்லை, எனவே சூழ்நிலை வேறு என்றது. எங்கே போட்டி இல்லையோ அங்கேதானே பாதுகாப்பு வேண்டும்? அதையே காரணமாக வைத்துப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் எதிர்த்து எழுதினார். 1910-ல் காங்கிரஸ் அந்த நிபந்தனையை நீக்கிய பிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது.

கரிசல்காடு

> 1910-ல் காங்கிரஸ் அந்த நிபந்தனையை நீக்கிய பிறகுதான்

1886-லிருந்து 1910. இருபத்து நாலு வருஷம். இதைத்தான் கேட்கிறேன். அந்த நடுவெளிக்கு யார் பொறுப்பு?

வாய்தா

பொறுப்பு காங்கிரசுக்கு. கோர்ட்டுக்கு இல்லை.

மாநிலங்களை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஷ்ரீவ்போர்ட் வழக்கைப் பாருங்கள். ஷ்ரீவ்போர்ட் லூசியானாவில் இருக்கிறது, டெக்சாஸ் எல்லைக்குப் பக்கம். கிழக்கு டெக்சாஸ் ஊர்களுக்கெல்லாம் அதுதான் கிட்டத்துச் சந்தை. டெக்சாஸ் ரயில்வே கமிஷன் தன் மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்குக் குறைந்த கட்டணம் வைத்தது. கம்பெனிகள் எல்லை தாண்டும் சரக்குக்கு அதிகம் வாங்கின. விளைவைப் பாருங்கள்: முதல் வகுப்புச் சரக்கு 60 சென்டுக்கு டல்லசிலிருந்து கிழக்கே 160 மைல் போகும். அதே 60 சென்டுக்கு ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து டெக்சாசுக்குள் 55 மைல்தான் போகும். மார்ஷல் ஊர் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து 42 மைல், டல்லசிலிருந்து ஏறக்குறைய 148 மைல். அந்த ஊருக்குக் குதிரை வண்டிகளைச் சரக்காக ஏற்றி அனுப்பக் கட்டணம் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து 56 சென்ட், டல்லசிலிருந்து 36.8 சென்ட்.

சுங்கச்சாவடி கட்டாமலே சுங்கம். பக்கத்து மாநில வியாபாரியை ரயில் கட்டணத்தாலேயே வெளியே நிறுத்திவிட்டார்கள். புகார் கொடுத்தது யார் தெரியுமா? லூசியானா மாநிலத்தின் ரயில்வே கமிஷன். ஒரு மாநிலக் கமிஷனின் வேலையால் இன்னொரு மாநிலக் கமிஷன் மத்திய ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டி வந்தது. 1914-ல் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் எழுதிய தீர்ப்பு: மாநிலங்களிடை வாணிகத்தை அது பாதிக்குமானால், மாநிலத்துக்குள் ஓடும் ரயிலின் கட்டணத்திலும் மத்திய ஆணையம் கை வைக்கலாம்.

இதில் எனக்கு மனதைத் தொடும் ஆள் ஜான் ரீகன். டெக்சாஸ்காரர். மத்தியச் சட்டத்துக்காக 1870-களிலிருந்து காங்கிரசில் மசோதா கொண்டுவந்து போராடியவர். 1891-ல் செனட் பதவியை விட்டுவிட்டு டெக்சாஸ் கமிஷனின் முதல் தலைவராகப் போனார். நாட்டுக்கு ஒரே விதி வேண்டும் என்று உழைத்தவர் கட்டி எழுப்பிய அமைப்புதான் பிற்காலத்தில் ஷ்ரீவ்போர்ட்டை அடைத்தது. அவர் 1905-ல் இறந்துவிட்டார், இந்த வழக்கைப் பார்க்கவில்லை.

கரிசல்காடு

ஷ்ரீவ்போர்ட்டில் கோர்ட் செய்தது சரி. அதில் எனக்குத் தகராறே இல்லை. ஆனால் அந்த வழக்கு என் பக்கம்தான் பேசுகிறது சார்.

ஷ்ரீவ்போர்ட் வியாபாரி போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. ஆணையம் இருந்தது, விசாரித்தது, உத்தரவு போட்டது, அந்த உத்தரவைத்தான் கோர்ட் காப்பாற்றியது. டெக்சாசின் அதிகாரத்தை எடுத்தபோது அந்த இடத்தில் இன்னொரு அதிகாரம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. 1886-ல் கில்மனுக்கு அது இல்லை. மத்திய அதிகாரம் பெரியதா மாநில அதிகாரம் பெரியதா என்பது என் கேள்வி இல்லை. பெரிய வீட்டில் அடுப்பு மூட்டும்வரை சின்ன வீட்டு அடுப்பை அணைக்காதே என்கிறேன். பீக் வழக்கில் அந்தக் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருந்தது.

கேள்விக்குறி

வாய்தா சார், எங்களுக்கு வகுப்பில் எக்ஸ் பார்ட்டே யங் வழக்கைப் பெயரளவில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதுவும் ரயில் கட்டணம்தானாமே? ஒரு மாநில அட்டர்னி ஜெனரலையே கைது செய்தார்களாமே?

வாய்தா

ஆமாம், அது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது.

1907-ல் மினசோட்டா சட்டசபை பயணிகள் கட்டணத்தை மைலுக்கு 3 சென்டிலிருந்து 2 சென்டாகக் குறைத்தது. சரக்குக் கட்டணத்துக்கும் தனிச் சட்டம். பயணிகள் சட்டத்தில் தண்டனையைப் பாருங்கள்: 2 சென்டுக்கு மேல் டிக்கெட் கொடுத்தால் 5,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. கம்பெனிக்கு மட்டும் இல்லை, டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கும். சட்டம் செல்லுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒருவர் மீற வேண்டும். மீறினால் ஜெயில். எந்த கிளார்க் துணிவார்?

அதனால் நார்தர்ன் பசிபிக் முதலிய கம்பெனிகளின் பங்குதாரர்கள் தங்கள் சொந்தக் கம்பெனிமேலேயே மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், இந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படியாதே என்று. கூடவே மாநில அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் யங்கையும் சேர்த்தார்கள். நீதிபதி லாக்ரன் யங்குக்கு இடைக்காலத் தடை போட்டார். அடுத்த நாளே யங் மாநில நீதிமன்றத்தில் கம்பெனிமேல் ரிட் போட்டுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு! 100 டாலர் அபராதம், வழக்கை வாபஸ் வாங்கும்வரை காவல்.

யங் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஒரு மாநிலத்தின்மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடக் கூடாது என்பது அமெரிக்க சாசனத்தின் 11வது திருத்தம். நான் மாநிலத்தின் குரல். என்மேல் எப்படித் தடை போடலாம் என்று கேட்டார். 1908-ல் நீதிபதி பெக்காம் எழுதிய விடை: சாசனத்துக்கு விரோதமான சட்டத்தை அமல்படுத்த வரும் அதிகாரி அந்த நேரத்தில் மாநிலமாக நிற்கவில்லை, தனி ஆளாகத்தான் நிற்கிறார், அவரைத் தடுக்கலாம். ஹார்லன் மட்டும் மறுத்தார். ஒரு மாநிலம் தன் கோர்ட்டிலேயே தன் சட்டத்தைக் காக்க முடியாமல் போனால் அது என்ன மாநிலம் என்பது அவர் கவலை.

ரயில் முதலாளிகளுக்காகப் பிறந்த இந்தக் கொள்கைதான் பிற்காலத்தில் தெற்கு மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்த குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த அதிகாரிகளை மத்திய நீதிமன்றம் தடுத்தது இதே வாசல் வழியாகத்தான். கரிசல் அண்ணாச்சி, வழக்கில் யார் ஜெயித்தார் என்பதை வைத்து மட்டும் கொள்கையை எடை போட வேண்டாம் என்று நான் கேட்பது இதனால்தான்.

கரிசல்காடு

இந்த இடத்தில் உங்களோடு முழுசாக நிற்கிறேன் சார். கவுன்டர் கிளார்க்கை ஜெயிலில் போடும் சட்டம் எனக்கும் ஏற்புடையதல்ல.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மினசோட்டாக் கட்டணங்கள் கடைசியில் என்ன ஆயின? 1913-ல் மினசோட்டா கட்டண வழக்குகளில், நார்தர்ன் பசிபிக்குக்கும் கிரேட் நார்தர்னுக்கும் அவை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நலிந்த நிலையில் இருந்த மினியாபொலிஸ் செயின்ட் லூயிஸ் கம்பெனிக்கு மட்டும் விலக்கு. எழுதியவர் அதே ஹியூஸ், ஷ்ரீவ்போர்ட்டுக்கு ஒரு வருஷம் முன்னால். காரணம் என்ன சொன்னார்? மத்திய அரசு அந்த விஷயத்தில் இறங்கும்வரை மாநிலத்துக்குள் மாநிலம் வைத்த கட்டணம் நிற்கும். யங் காவலில் இருந்தது எந்தச் சட்டத்துக்காகவோ அந்தச் சட்டத்தின் கட்டணம் நியாயமானதுதான் என்று ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தது.

கூட்ஸ்_கார்டு

எல்லாரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். ரயிலின் நீளத்தைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. 1945, சதர்ன் பசிபிக் எதிர் அரிசோனா.

அரிசோனா 1912-ல் சட்டம் போட்டது: பயணிகள் வண்டி 14 பெட்டிக்கு மேல், சரக்கு வண்டி 70 வேகனுக்கு மேல் கூடாது. காரணம் ஊழியர் பாதுகாப்பு. நான் கடைசி பிரேக் வேனில் வேலை பார்த்தவன், அதனால் இது எனக்குத் தெரியும். வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் கப்ளிங்கில் கொஞ்சம் தளர்வு இருக்கும். டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் உள்ளது நிற்கும், பின்னால் உள்ளது வந்து இடிக்கும், அந்தத் தளர்வு ஒவ்வொன்றாகக் கூடிக் கடைசியில் வந்து சேரும். முதலில் தூரத்தில் தடதடவென்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டவுடன் கைப்பிடியைப் பிடித்துவிட வேண்டும். விளக்குத் துடைத்துக்கொண்டோ டீ ஊற்றிக்கொண்டோ இருந்தால் சுவரில் போய் மோதுவோம். எனக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கிறது. வண்டி நீளமாக நீளமாக அடி பலமாகும்.

கம்பெனி என்ன சொன்னது? லாஸ் ஏஞ்சலசிலிருந்து எல் பாசோ வரைக்கும் அரிசோனா விதிப்படியே வண்டியை வெட்டி ஓட்ட வேண்டியிருக்கிறது; அரிசோனா வழியே ஓடும் இரண்டு கம்பெனிகளுக்குமாக வருஷம் சுமார் 10 லட்சம் டாலர் கூடுதல் செலவு; வண்டி எண்ணிக்கை 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது; வண்டி கூடினால் லெவல் கிராசிங் விபத்தும் கூடும். கீழ்க் கோர்ட்டில் விசாரணையே ஐந்தரை மாசம். தலைமை நீதிபதி ஸ்டோன் கம்பெனி பக்கம் தீர்ப்பு எழுதினார். ஒரு மாநிலம் தன் எல்லைக்கு வெளியே ஓடும் வண்டிகளின் நீளத்தை முடிவு செய்ய முடியாது என்று.

வாய்தா சார் சொல்லும் ஒரே விதி நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிபதி பிளாக் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் என் மனசுக்குப் பட்டது. எது அதிக ஆபத்து, நீள வண்டியின் இடியா கூடுதல் வண்டியா என்று எடை போடுவது சட்டசபை வேலை, கோர்ட் எப்படி அதைச் செய்யும் என்று கேட்டார். பிரேக் வேனில் இருந்தவன் சட்டசபை உறுப்பினரிடம் போய்ச் சொல்ல முடியும். நீதிபதியிடம் போய்ச் சொல்ல முடியாது.

கேள்விக்குறி

நம் நாட்டில் இந்தச் சண்டை ஏன் வரவில்லை?

வாய்தா

நம் சாசனத்தில் ரயில்வே மத்தியப் பட்டியலில் 22வது இனம், ஓட்டுவதும் மத்திய அரசே. மாநிலம் கட்டணம் வைக்கும் பேச்சே எழாது. ஆனால் ஓர் ஊருக்குச் சலுகை, இன்னோர் ஊருக்குப் பாரபட்சம் என்ற புகார் இங்கேயும் உண்டு. அதை விசாரிக்க ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் இருந்தது, தலைமையிடம் சென்னையில். சிமென்ட், உரம் என்று பெரிய பெரிய ஆலைகள் புகாரோடு வந்து நின்ற இடம். 2017 நிதிச் சட்டத்தில் அதை ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். சரக்கு வாடகைப் புகாருக்குத் தனியாக ஒரு வாசல் இருந்தது போய்விட்டது எனக்கு வருத்தம்தான்.

சிகாகோ_மைனா

இந்தச் சண்டை இங்கே இன்னும் முடியவில்லை. 1887-ல் பிறந்த ஆணையத்தை 1995 கடைசியோடு கலைத்துவிட்டு, தரைவழிப் போக்குவரத்து வாரியம் என்று வேறொன்றை வைத்தார்கள். ரயில் கம்பெனிகளின் இயக்கம் பற்றிய அதிகாரம் முழுக்க அந்த வாரியத்துக்கே என்று அந்தச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

ஒஹாயோவில் ஒரு மாநிலச் சட்டம்: லெவல் கிராசிங்கை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ரயில் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. 2018-ல் சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் கம்பெனிமேல் அந்தச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். 2022-ல் ஒஹாயோ சுப்ரீம் கோர்ட், மத்தியச் சட்டம் இருப்பதால் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. மற்ற பல மாநிலங்கள் ஒஹாயோவுக்கு ஆதரவாக மனு கொடுத்தும் 2024 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்கொள்ளவே இல்லை.

கரிசல்காடு

சரி, மாநிலம் கேட்கக் கூடாது. அப்போ மத்தியில் எத்தனை நிமிஷம் என்று விதி இருக்கிறது? ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நின்றால்?

சிகாகோ_மைனா

நிமிஷக் கணக்கு வைத்து மத்திய விதி எதுவும் இல்லை அண்ணா. மத்திய ரயில்வே நிர்வாகம் 2019 டிசம்பரில் ஒரு இணையப் பக்கம் திறந்தது. எந்த கிராசிங், எத்தனை நேரம் அடைபட்டது, ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ மாட்டியதா என்று பொதுமக்கள் அதில் பதியலாம். பதிந்ததைச் சேர்த்து வைப்பார்கள். அதை வைத்துக் கம்பெனிக்கு அபராதம் போட அவர்களுக்கு இன்றைக்கும் விதி கிடையாது.